தமிழ் இருக்கைக் குழுவினருக்கு, போலிஷ் வகுப்பின் எட்டாவது மாணவி எழுதுவது

அன்புள்ள நண்பர்களே,

உங்கள் அழைப்பு வந்தது. அடுத்த மாதம் விருந்து, மேசைக்குப் பத்துப் பேர், ஒரு பட்டிமன்றம், அது முடிந்ததும் நன்கொடை அறிவிப்பு. மறுநாளே பொருளாளர் தம்பி போன் செய்தார். "அக்கா, நீங்க இருபது வருஷத்துக்கு மேல யுனிவர்சிட்டில வேலை பாத்தவங்க. மேடையில ஒரு அஞ்சு நிமிஷம் பேசுங்க. இருக்கை வந்தா தமிழுக்கு எவ்வளவு பெருமைன்னு சொல்லிட்டு இறங்கிடலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததில் அது ஐந்து நிமிஷத்துக்குள் அடங்கவில்லை. பெருமை என்ற சொல்லும் எங்கேயும் வந்து ஒட்டவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். குழுவில் இருப்பவர்களோடு, காசு கொடுக்கப் போகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நான் பேராசிரியர் இல்லை. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஸ்லாவிய மொழித் துறை அலுவலகத்தில் 22 வருஷம் உட்கார்ந்திருந்தவள். வகுப்பு அட்டவணை, சம்பளப் படிவம், அறைச் சாவி, ஜெராக்ஸ் மெஷினில் சிக்கிய தாள், இவ்வளவுதான் என் உலகம். எங்கள் துறையில் ரஷ்யன் மூத்த பிள்ளை. மாணவர்களும் பணமும் அந்தப் பக்கம்தான். செக்கும் செர்பியனும் வந்தால் வரும், போனால் போகும். போலந்து மொழியான போலிஷுக்கு மட்டும் ஊர்க்காரர்கள் காசு போட்டு ஒரு பேராசிரியர் இடத்தை, அதாவது ஓர் இருக்கையை, நிறுவியிருந்தார்கள். நீங்கள் இப்போது செய்ய நினைக்கிற அதே காரியம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருஷ வகுப்பில் நின்று எழுத்தும் உச்சரிப்பும் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரால்தான் ஒரு மொழி பல்கலைக்கழகத்தில் பிழைத்துக் கிடக்கிறது. இருக்கைக்கு எல்லோரும் உண்டியல் குலுக்குகிறோம். அந்த ஆசிரியருக்கு எவரும் குலுக்குவதில்லை. போலந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் நமக்கு வெகு காலம் மூத்தவர்கள். அவர்கள் எங்கே ஜெயித்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பதில் நமக்கு வேண்டியது நிறைய இருக்கிறது.

எங்கள் போலிஷ் மொழி ஆசிரியரை நான் 'பானி' என்றே கூப்பிட்டேன். பெயர் இங்கே வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. போலிஷில் பானி என்றால் அம்மா, பான் என்றால் ஐயா. மரியாதையாகப் பேசும்போது எதிரில் நிற்பவரையே படர்க்கையில் வைத்துப் பேசுவார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "பானி காபி குடிக்கிறாரா?" என்று கேட்பார். முதல் நாள், வேறு யாரைக் கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. எங்கள் ஊரில் "ஐயா சாப்பிட்டாச்சா?" என்று ஐயாவிடமே கேட்பதில்லையா?

என் மேசைக்குப் பின்சுவர்தான் அவருடைய வகுப்பறையின் முன்சுவர். ஒவ்வொரு செப்டம்பரும் மூன்றாவது வாரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டு பறக்கும். 'ஹ்ஷோன்ஷ்ச் ப்ஷ்மி ஃப் த்ஷ்சீனியெ.' நாணலுக்குள் வண்டு ரீங்கரிக்கிறது என்று அர்த்தம். போலந்துப் பிள்ளைகளின் நாக்குப் பயிற்சி அது. நம் வீட்டில் 'யாரு தைச்ச சட்டை' மாதிரி. ஒரு டஜன் அமெரிக்கப் பிள்ளைகள் சேர்ந்து சொல்லும்போது குக்கர் விசில் அடிப்பதுபோல் இருக்கும்.

ஒரு வருஷம் அந்த டஜன் சேரவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் எட்டுப் பேர் இல்லாத மொழி வகுப்பை ரத்து செய்துவிடுவார்கள். பதிவு முடிகிற வெள்ளிக்கிழமை மதியம் வரை ஏழு பேர். யார் அந்த ஏழு? சிகாகோவில் பாட்டி வைத்திருந்த இரண்டு பேர், இவர்களுக்கு நாற்பது வகைச் சாப்பாட்டின் பெயர் தெரியும், ஒரு வாக்கியம் எழுத வராது. ஆவணக் காப்பகத்தில் உட்கார வேண்டிய வரலாற்று ஆராய்ச்சி மாணவர் ஒருவர். ஒரு போலந்துப் பெண்ணைக் காதலித்துக்கொண்டிருந்த எஞ்சினியரிங் பையன். 'விட்சர்' வீடியோ கேம் விளையாடி, அந்தக் கதைகளை மூலத்தில் படிக்கவேண்டும் என்று வந்த இன்னொருவன். மிச்சம் இரண்டு பேர் நேரம் ஒத்துவந்ததால் சேர்ந்தவர்கள். இது குறைவான கூட்டம் என்று நினைக்காதீர்கள். சின்ன மொழிகளின் வகுப்பறை எங்கேயும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். நாளை உங்கள் தமிழ் வகுப்பிலும் பாட்டி வைத்திருப்பவர் இருப்பார், காதலிப்பவர் இருப்பார், சினிமாப் பாட்டுக்காக வந்தவர் இருப்பார்.

நான்கு மணிக்குப் பானி என் மேசைக்கு வந்து ஒன்றும் பேசாமல் நின்றார். ஊழியர்களுக்கு ஒரு பாடம் இலவசமாகப் படிக்கும் சலுகை உண்டு. கணினியைத் திறந்து என் பெயரைப் போட்டேன். எட்டு.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. பானி கரும்பலகையில் போலிஷ் மொழியின் வேற்றுமைகளை எழுதினார். எழுவாயில் ஆரம்பித்து ஏழு வரிசை, ஏழாவது விளி. பக்கத்தில் இருந்த எஞ்சினியரிங் பையன் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எனக்கோ பள்ளிக்கூடத்துத் தமிழையா வந்து எதிரில் நிற்பதுபோல் இருந்தது. 'வேற்றுமை தாமே ஏழென மொழிப' என்று தொல்காப்பியம் ஒரு நூற்பாவில் சொல்லிவிட்டு, அடுத்ததிலேயே 'விளிகொள்வதன்கண் விளியோடு எட்டே' என்று திருத்திக்கொள்ளும். இதை வகுப்பு முடிந்ததும் பானியிடம் சொன்னேன். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அடுத்த பல வருஷம் அந்த நூற்பா அவருடைய முதல் வகுப்பில் வந்துகொண்டிருந்தது. தமிழுக்கு இருக்கை இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தில், போலிஷ் வகுப்பில் தொல்காப்பியம்.

உயர்திணை, அஃறிணை வரும்போதுதான் சண்டை. போலிஷ் பன்மையில் ஆண்கள் இருக்கும் கூட்டத்துக்கு ஒரு விகுதி. மற்ற எல்லாவற்றுக்கும், பெண்கள், குழந்தைகள், மாடு, நாற்காலி எல்லாவற்றுக்கும், வேறொன்று. "எங்களை நாற்காலியோடு உட்காரவைத்துவிட்டார்கள்" என்பார் பானி. நாற்காலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பல்கலைக்கழக இருக்கைக்குப் போலிஷில் 'கதெத்ரா' என்று பெயர். பேராலயத்துக்கும் அதே சொல்தான். இந்த இரண்டு அர்த்தமும் ஒன்றோடொன்று மோதிய கதைதான் போலிஷ் இருக்கைகளின் முதல் அத்தியாயம்.

1840. போலந்து என்ற நாடு வரைபடத்தில் இல்லை. 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டு முடித்திருந்தன. பாரிஸில் கொலேஜ் து பிரான்ஸ் என்ற கல்வி நிறுவனம் ஸ்லாவிய இலக்கியத்துக்கு முதன்முதலாக ஓர் இருக்கை உண்டாக்கி, அகதியாக வந்த ஆதாம் மிட்ஸ்கியேவிச்சை அதில் உட்காரவைத்தது. போலிஷ்காரர்களுக்கு அவர் நமக்குப் பாரதி மாதிரி, அதற்கும் ஒரு படி மேலே என்றும் சொல்வார்கள். அவருடைய பெருங்காவியம் 'லித்துவேனியாவே, என் தாய்நாடே' என்று ஆரம்பிக்கும். போலந்தின் தேசியக் காவியம் ஏன் லித்துவேனியாவைக் கூப்பிட்டுத் தொடங்குகிறது என்பதை விளக்கவே பானிக்கு ஒரு வாரம் பிடிக்கும். பழைய போலந்து-லித்துவேனியக் கூட்டரசைச் சேர்ந்திருந்த மண்ணில் பிறந்தவர் எழுதியது, அச்சானது பாரிஸில், 1834இல். இப்படி ஊர் மாறி ஊர் மாறிப் பிறந்த இலக்கியம் அது.

1840 டிசம்பரில் மிட்ஸ்கியேவிச் பிரெஞ்சில் பேச ஆரம்பித்தபோது கூட்டம் நிரம்பி வழிந்தது. இசைமேதை ஷோபேனும் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டும் வந்து கேட்டார்கள். முதலிரண்டு வருஷம் பாடம் பாடமாக இருந்தது. பிறகு அவர் தொவியான்ஸ்கி என்ற ஒரு ஞானியின் பிடியில் விழுந்தார். இலக்கிய வகுப்பு அருள்வாக்காக மாறியது. நெப்போலியன் வழிபாடு, இனத்தின் தெய்வீகப் பணி, இப்படிப் போயிற்று. 1844இல் பிரெஞ்சு அரசாங்கம் வகுப்பை நிறுத்திவிட்டது. கதெத்ரா, பேராலயம் ஆனதன் விளைவு.

அவரைக் குறை சொல்ல நான் யார். ஆனால் நம் கூட்டங்களில் "இருக்கை வந்ததும் தமிழ்தான் உலகின் முதல் மொழி என்று அந்தப் பேராசிரியர் நிறுவிவிடுவார்" என்று மைக்கில் பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பாரிஸ்தான் ஞாபகம் வருகிறது. ஒரு விஷயத்தை நிறுவித் தரச் சொல்லி ஆளை அமர்த்தினால் அவர் ஆராய்ச்சியாளர் இல்லை, வக்கீல்.

இந்த இலக்கியத்தைச் சொல்லிக்கொடுப்பது உயிர் போகிற வேலையாகவும் இருந்திருக்கிறது. 1939 நவம்பர் 6ஆம் தேதி, கிராக்கோவில் யாகியெல்லோனியப் பல்கலைக்கழக ஆசிரியர்களை ஒரு சொற்பொழிவுக்கு என்று சொல்லி ஜெர்மானியர்கள் கூட்டினார்கள். வந்தவர்களில் 180க்கும் மேற்பட்டவர்களை அப்படியே கைதுசெய்து, பெரும்பாலோரை ஸாக்ஸன்ஹௌஸன் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். போலிஷ் இலக்கிய வரலாற்றைத் தலைமுறைகளுக்குக் கற்பித்த இக்னாத்ஸி ஹ்ஷனோவ்ஸ்கி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தவர், 1940 ஜனவரியில் அங்கேயே இறந்தார். அதற்குப் பிறகு வகுப்புகள் வீட்டு அறைகளில், ரகசியமாக. அந்த மக்களுக்கு இதுவும் புதிதில்லை. ரஷ்ய ஆட்சியில் வார்சாவில் வீடு மாற்றி வீடு மாற்றி நடந்த 'பறக்கும் பல்கலைக்கழக'த்தில்தான் மேரி கியூரி, கியூரி ஆவதற்கு முன்னால், படித்தார். கட்டடமும் இருக்கையும் இல்லாதபோது எஞ்சியது என்ன? ஓர் ஆசிரியர், நாலு மாணவர், ஜன்னலுக்குத் திரை.

இனி அமெரிக்கா. இங்கே பணம் வருகிறது, பணத்தோடு பஞ்சாயத்தும்.

1948இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மிட்ஸ்கியேவிச் பெயரில் ஒரு போலிஷ் இருக்கை வந்தது. பேராசிரியர் மான்ஃப்ரெட் கிரிட்ல், போருக்கு முன் வில்னோவில், அதாவது இன்றைய வில்னியஸில், பாடம் எடுத்தவர், நல்ல அறிஞர். காசு கொடுத்தது யார் என்றால் வார்சாவின் கம்யூனிஸ்ட் அரசு. வாஷிங்டன் தூதரகத்தில் இருந்து இதற்கு ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் ஒரு இளம் பண்பாட்டு அதிகாரி. பெயர் செஸ்வாவ் மீவோஷ், கவிஞர். அமெரிக்கப் போலந்துக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அங்கே ஏற்கெனவே போலிஷ் கற்பித்துவந்த ஆர்தர் கோல்மன் எதிர்ப்புத் தெரிவித்து வேலையையே விட்டுவிட்டார். கிரிட்ல் எந்தக் கட்சிக்கும் பிரச்சாரம் செய்ய வந்தவர் இல்லை. ஆனாலும் அவர் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே அந்தப் பணம் நுழைந்து உட்கார்ந்துவிட்டது.

நம் பக்கம் பாருங்கள். ஹார்வர்டு இருக்கைக்குத் திரட்டிய 60 லட்சம் டாலரில் தமிழ்நாட்டு அரசின் பத்துக் கோடி ரூபாயும் சேர்த்தி. அதில் தப்பில்லை, நல்ல காரியம். ஆனால் அரசுகள் மாறும். அடுத்து வருபவர்கள் கல்வெட்டில் தங்கள் பெயரைத் தேடுவார்கள். காசு கொடுத்தவருக்கு வகுப்பறையில் எந்த உரிமையும் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தத் தூதரக அதிகாரியின் கதை இங்கே முடியவில்லை. 1951இல் மீவோஷ் தன் அரசை உதறிவிட்டுப் பாரிஸில் அடைக்கலம் கேட்டார். கம்யூனிஸ்ட்டுகளுக்குத் துரோகி. புலம்பெயர்ந்த போலந்துக்காரர்களுக்கோ, இத்தனை நாள் அவர்களோடு இருந்துவிட்டு வந்தவன். இரண்டு பக்கமும் அடி. 1960இல் கலிபோர்னியாவின் பெர்க்லி அவரைப் பாடம் எடுக்கக் கூப்பிட்டது. வயது 49. முனைவர் பட்டம் இல்லை, கையில் இருந்தது வில்னோவில் வாங்கிய சட்டப் படிப்பு. அடுத்த வருஷமே நிரந்தரப் பேராசிரியர் ஆக்கினார்கள். இன்றைக்கு அப்படிப்பட்ட விண்ணப்பம் வந்தால் என் மேசையைத் தாண்டி உள்ளே போயிருக்காது. முதல் கட்டத்தில் 'பட்டம்' என்ற பெட்டியிலேயே கணினி தள்ளிவிடும். சொல்லவே சங்கடமாக இருக்கிறது.

அங்கே அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். போலிஷ் இலக்கியம் படிக்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. கையில் கொடுக்க ஆங்கிலத்தில் சரியான பாடநூல் இல்லை. அவரே வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல எழுதவைத்து, போலிஷ் இலக்கியத்தின் முழு வரலாற்றை 1969இல் கொண்டுவந்தார். பாட்டும் நாடகமும் சபைச் சண்டையும் சேர்ந்த பெரிய புத்தகம். பிடித்தவரைப் பிடித்தது என்பார், பிடிக்காதவரைப் பிடிக்கவில்லை என்பார். பானி அதைத் திட்டிக்கொண்டே பாடம் நடத்துவார், அதை விட்டு வேறொன்றை எடுக்கவும் மாட்டார். பல்கலைக்கழகங்களில் இன்னும் அது புழக்கத்தில் இருக்கிறது. 1965இல் போருக்குப் பின் வந்த போலிஷ் கவிதைகளைத் தொகுத்து மொழிபெயர்த்து வெளியிட்டார். 1968இல் பீட்டர் டேல் ஸ்காட்டோடு சேர்ந்து ஸ்பிக்னியேவ் ஹெர்பெர்ட்டின் கவிதைகள். ஆங்கிலத்தில் எழுதும் கவிஞர்கள் பலர் போலந்து என்ற பெயரையே இந்தப் புத்தகங்களில்தான் முதலில் கவனித்தார்கள். அவருடைய சொந்தக் கவிதைகளின் ஆங்கிலத் தொகுப்பு எப்போது வந்தது தெரியுமா? 1973இல். பதிமூன்று வருஷம் அடுத்தவர் கவிதைகளைச் சுமந்துவிட்டு அப்புறம்தான் தன்னுடையது. 1978இல் ஓய்வு. 1980இல் நோபல்.

நோபல் வந்ததும் உங்களுக்குக் கண் விரியும் என்று தெரியும். அதற்காக நான் இதைச் சொல்லவில்லை. வகுப்பில் ஏழெட்டுப் பேர், தெரு முழுக்க அந்த மொழி தெரியாதவர்கள், சொந்த ஜனமே சந்தேகமாகப் பார்க்கிறது. இந்த நிலையில் அந்த மனிதர் தன் மாணவர்களை உட்காரவைத்து வரிவரியாக மொழிபெயர்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பயிற்சிக்கு மாணவனுக்குப் போலிஷ் தெரிந்திருக்க வேண்டும். அதை அவனுக்கு முதல் வருஷத்தில் யாரோ ஒரு பானி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

ஹார்வர்டில் இதே சங்கிலியை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பிரேசிலில் வாகனத் தொழிலில் சம்பாதித்த ஆல்ஃபிரெட் யுஷிகோவ்ஸ்கி என்ற போலந்துக்காரரின் பெயரில் அங்கே ஒரு போலிஷ் இருக்கை உண்டு. 1971இல் அதில் முதலில் அமர்ந்தவர் விக்தோர் வைன்ட்ராவ்ப். ஆனால் அவர் ஹார்வர்டுக்கு வந்தது 1950இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இருபது வருஷம் பாடம் நடந்து வேர் பிடித்த இடத்தில்தான் இருக்கை வந்து அமர்ந்தது. அடுத்து அதற்கு வந்தவர் கவிஞர் ஸ்தானிஸ்வாவ் பாரான்சாக். போஸ்னானில் ஆசிரியர், தொழிலாளர் பாதுகாப்புக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதால் வேலை போனது. ஹார்வர்டு கூப்பிட்டும் பாஸ்போர்ட் தராமல் வருஷக்கணக்கில் இழுத்தடித்தார்கள். 1981இல் சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்க இயக்கம் கொடுத்த சின்ன இடைவெளியில் கிளம்பினார். அந்த டிசம்பர் 13ஆம் தேதி போலந்தில் ராணுவச் சட்டம்.

அவரிடம் படித்த அமெரிக்க மாணவி கிளேர் கேவனா. போலந்து ரத்தம் ஒரு சொட்டு வேண்டியிருக்கவில்லை, மொழி தெரிந்தால் போதுமாக இருந்தது. ஆசிரியரும் மாணவியும் சேர்ந்து விஸ்வாவா ஷிம்போர்ஸ்காவின் கவிதைகளை மொழிபெயர்த்தார்கள். தொகுப்பு 1995இல் வந்தது. மறு வருஷம் ஷிம்போர்ஸ்காவுக்கு நோபல். உலகம் ஓடிப்போய்ப் புத்தகத்தைத் தேடியபோது கடையில் அது தயாராக இருந்தது. தமிழில் சிலர் ஷிம்போர்ஸ்காவைப் படித்திருப்பதும் இப்படி ஆங்கிலம் வழியாக வந்த மொழிபெயர்ப்புகளில்தான். நானும் முதலில் அப்படித்தான்.

எங்கள் துறையின் கதை இதற்கு நேர்மாறு. இதைச் சொல்வதற்குத்தான் இத்தனை சுற்று.

எங்களிடம் இருக்கை இருந்தது என்றேன். அதில் இருந்தவர் பேர்பெற்றவர், நல்லவர், தன் மாணவர்களுக்காகத் தேநீர் வாங்கி வைப்பவர். ஆனால் இருக்கையின் ஒப்பந்தத்தில் அவர் எடுக்க வேண்டியது இலக்கியம், பண்பாடு, அதுவும் ஆங்கிலத்தில். மொழி வகுப்பு பானியின் தலையில். பானிக்கு வருஷாவருஷம் மே மாதத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை அச்சடித்து உறையில் போடுவது நான். பேராசிரியர் ஒரு பருவத்துக்கு இரண்டு வகுப்பு, பானிக்கு நான்கு. இருவர் சம்பளப் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். பானியுடையது அவருடையதில் பாதிகூட இல்லை. பதினாறு மே மாதம் அந்த உறையை அவர் கையில் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் முன்னாலேயே கிழித்துப் படிப்பார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிக்கும் தைரியம் இல்லை என்றார் ஒருமுறை, சிரித்துக்கொண்டே.

பதினேழாவது மே மாதம் உறைக்குள் வேறு கடிதம். பட்ஜெட் நெருக்கடி. இருக்கையின் பணத்தில் கொஞ்சம் எடுத்து அவரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப்பார்த்தார்கள். முடியாது. நன்கொடை கொடுத்தவர்கள் 'பேராசிரியருக்கு மட்டும்' என்று எழுதிவைத்திருந்தார்கள். அந்த வாசகம் போட்டவர்களும் உங்களைப் போன்ற நல்ல மனிதர்கள்தான். நாளை யாராவது பணத்தை வேறு எதற்காவது திருப்பிவிடக்கூடாது என்ற பயத்தில் போட்டது.

அதன் பிறகு மூன்று வருஷத்தில் போலிஷ் தெரிந்த மாணவர் ஒருவர்கூடப் பேராசிரியரின் வகுப்பில் இல்லை. எல்லாம் மொழிபெயர்ப்பில். ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தவர்கள் மொழி படிக்க வசதி எங்கே என்று கேட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனார்கள். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. இருக்கையின் பெயர் மட்டும் இணையப் பக்கத்தில் ரொம்ப நாள் தொங்கிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் என் பின்சுவர் அமைதியாகிவிட்டது. அந்த அறையை ஏதோ கூட்ட அறையாக்கிவிட்டார்கள்.

போலந்து அரசு இந்த ஓட்டையைத் தெரிந்துவைத்திருக்கிறது. அவர்களுடைய கல்விப் பரிமாற்ற முகமை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு 'லெக்டர்' என்ற மொழி ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. எல்லா இடத்துக்கும் அது எட்டுவதில்லை, எங்களுக்கும் எட்டவில்லை. ஆனாலும் யோசனை சரி.

இனி உங்கள் கணக்கு. பல்கலைக்கழகங்கள் நிதியின் முதலைத் தொடாது, வருஷத்துக்கு ஏறக்குறைய 4 முதல் 5 விழுக்காடு எடுத்துச் செலவழிக்கும். நீங்கள் 30 லட்சம் டாலர் திரட்டினால் வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்திலிருந்து ஒன்றரை லட்சம். ஒரு மூத்த பேராசிரியரின் சம்பளமும் காப்பீடும் அதைத் தின்றுவிடும். மொழி ஆசிரியருக்கு மிச்சம் இருக்காது. அதைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும் என்று உங்களிடம் வாய்ச்சொல்லாகச் சொல்வார்கள். ஜெர்மனியின் கொலோனில் தமிழ்த் துறை மூடுகிற நிலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து காசு போனது, நாம் எல்லோரும் வாட்ஸப்பில் பொங்கினோம். அது ஒரு நாளில் வந்த நிலைமையா என்ன?

நம்மிடமே நல்ல உதாரணங்கள் உண்டு. ஏ.கே. ராமானுஜன் சிகாகோவுக்குப் பாடம் எடுக்க வந்தது 1960களின் தொடக்கம். குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை அவர் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது 1967இல். பெர்க்லியில் 1970களின் நடுவில் ஜார்ஜ் ஹார்ட் தமிழ் எடுக்க ஆரம்பித்தபோது மீவோஷ் அதே வளாகத்தில் இன்னும் வேலையில் இருந்தார். தமிழ் இருக்கை அங்கே பிற்பாடு வந்தது. முதலில் ஆள், முதலில் வகுப்பு.

இன்னொன்று, பானி எனக்குச் சொன்னது. வாண்டா தினோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி 1935இல் இந்தியாவுக்கு வந்தார். காந்தியோடும் ரமணரோடும் பழகி, உமாதேவி என்று பெயர் பெற்றார். சென்னையிலிருந்து போலிஷ்-இந்திய நூல் வரிசை ஒன்றை நடத்தி, திருக்குறளைப் போலிஷில் கொண்டுவந்தார். எந்த இருக்கையும் அதற்குக் காசு கொடுக்கவில்லை. வார்சா பல்கலைக்கழகத்தில் இன்றும் தமிழ் படிக்கலாம். பானியின் பிரிவு விருந்துக்கு நான் கொடுத்தது அந்தப் போலிஷ் குறளின் சில பக்கங்களின் ஜெராக்ஸ். 'பானி ஆர்ச்சனோ' என்று என் பெயரை, போலிஷ் உச்சரிப்பு ஏறிய நாக்கோடு, விளியில் கூப்பிட்டார்.

ஆகவே கேட்கிறேன். அடுத்த அறிவிப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பேச்சுவார்த்தை நடத்தும் பல்கலைக்கழகத்திடம், திரட்டும் பணத்தில் முதல் பங்கு நிரந்தரமான ஒரு தமிழ் மொழி ஆசிரியருக்கு என்று எழுதிக் கேளுங்கள். ஒப்பந்தம் குறைந்தது ஐந்து வருஷத்துக்கு இருக்கட்டும். எட்டுப் பேர் சேராவிட்டாலும் முதல் வருஷ வகுப்பை ரத்து செய்யக்கூடாது என்று ஒரு வரி. மொழிபெயர்க்கிற மாணவர்களுக்குக் கோடைகாலப் படிப்பணம், மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ டொரண்டோவுக்கோ போய் மூன்று மாதம் தமிழில் வாழ்வதற்கு. பிறகு இருக்கை. 'பேராசிரியருக்கு மட்டும்' என்ற இரண்டு சொல் மட்டும் எங்கேயும் வேண்டாம்.

வாராது வந்த வாய்ப்பைக் கெடுக்கிறாள் என்று யாருக்காவது கோபம் வந்தால் புரிகிறது. 60 லட்சம் என்று சொன்னால் மண்டபம் கைதட்டும். ஒரு மொழி ஆசிரியரின் மருத்துவக் காப்பீடு என்று சொன்னால் யார் தட்டுவார்கள்? பட்டிமன்ற நடுவர் வேண்டுமானால் அதை ஒரு தலைப்பாக வைத்துப் பார்க்கட்டும்.

விருந்துக்கு வருகிறேன். மேடை வேண்டாம். எனக்கு ஒரு மேசை போடுங்கள், மேடைக்குப் பக்கத்தில் இல்லாமல் சமையலறைக் கதவுப் பக்கமாக இருந்தால் நல்லது, சத்தம் குறைவு. இரண்டு நாற்காலி. இன்னொன்று பானிக்கு. இப்போது அவர் எங்கள் ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பு எடுக்கிறார், செவ்வாயும் வியாழனும். உங்கள் விருந்து சனிக்கிழமை என்பதால் வர முடியும் என்றார். பொருளாளர் தம்பியும் ஒப்பந்தம் எழுதுகிற வக்கீல் நண்பரும் சாம்பார் பரிமாறும் நேரத்தில் அரை மணி எங்களோடு வந்து உட்காரட்டும். பானி ஒரு மஞ்சள் கோப்பு கொண்டுவருவார். பதினேழு மே மாதக் கடிதங்களும் அதில் இருக்கின்றன.

அன்புடன்,
அர்ச்சனா